ஒப்புதல் யாருடையது?



பாம்பூஃப்ளாட்டில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி நிகழ்வது ஒன்று. பள்ளியிலிருந்து தடுப்பூசிக்கான ஒப்புதல் தாள் வரும். ஒப்பமிட வேண்டிய தந்தையோ கடல் கடந்து தாயகம் சென்றிருப்பார். தாயோ, "அவர் வரட்டும்" என்பார். தாள் அலமாரியில் உறங்கும். "நானே ஒப்பமிட்டால் ஆகாதா?" என்று பதினைந்து வயதுப் பிள்ளை வினவும். வினா சிறிது, விடை எளிதன்று.

நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் சட்டப்படி சிறார். 12 வயதுக்குட்பட்டோரின் இசைவு பொதுவாக இசைவாகாது என்பது குற்றவியல் சட்டம். இடைப்பட்ட வயதினர் தாமே தடுப்பூசிக்கு இசையலாம் என்று தெளிவுறக் கூறும் தனிச்சட்டம் இல்லை. ஆகவே பெற்றோரின் கையெழுத்தே வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் வீணன்று. 2009ஆம் ஆண்டு கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இடப்பட்டபோது, விடுதிக் காப்பாளர்களே பலருக்காக ஒப்பமிட்டனர். 2013இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கடிந்துரைத்தது. தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்குப் பெற்றோர் இசைவு வேண்டா என்ற தில்லி அரசின் அறிவிப்பை, 2019 சனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியது.

எனினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. வதந்தியை நம்பியோ, சோம்பலாலோ பெற்றோர் மறுத்தால் நோயைச் சுமப்பது பிள்ளையின் உடலன்றோ? இங்கிலாந்தில் 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: பதினாறு நிரம்பாதவராயினும், மருத்துவத்தின் தன்மையை உணரும் அறிவு முதிர்ச்சி இருப்பின் தாமே இசையலாம். அங்குப் பள்ளித் தடுப்பூசிக்கும் அந்நெறி பொருந்துகிறது.

அத்தகைய தெளிவு நம் சட்டத்திலும் வர வேண்டும் என்பதே நம் கருத்து. விவரத்தை எடுத்துரைத்து, பிள்ளை உணர்ந்ததா என்று சோதித்தறியும் பொறுப்பு மருத்துவருக்கு இருக்கட்டும். அதுவரை நாம் செய்யத்தக்கது யாது? தோளுக்கு உயர்ந்தால் தோழன் என்பது நம் முதுமொழி. தாள் வந்த அன்றே பிள்ளையை அருகிருத்திப் படியுங்கள். ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேளுங்கள். தந்தை அருகில் இல்லையெனில் தாயே முடிவெடுத்து ஒப்பமிடலாம். தாய்க்கும் அவ்வுரிமை உண்டு. கையெழுத்து நம்முடையதாகட்டும், அறிந்த மனம் பிள்ளையுடையதாகட்டும்.