நாற்பது நாள் தள்ளிப்போனால் பயப்பட வேண்டுமா?

(நம் குடியிருப்பு மகளிர் கூட்டத்தில் பேசியது)

“இதையெல்லாம் மைக்கில் பேசணுமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். பேத்தியிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அவளுக்கு 13 வயது. சடங்கு முடிந்து ஒன்றேகால் வருஷம். மாதவிலக்கு ஒருமுறை 25 நாளில் வந்தது, அடுத்தது 43 நாளில். என் மகள் பதறிப்போய் ஸ்கேன் எடுத்தாள். “நீர்க்கட்டி இருக்கு, பிசிஓடி” என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி பிள்ளை என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, “எனக்குக் குழந்தையே பிறக்காதா ஆச்சி?” என்று கேட்டாள். 13 வயதில் கேட்கிற கேள்வியா அது?

பிறகு வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் சொன்னது எனக்கு பாங்க் கணக்காகவே புரிந்தது. மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் ஹெட் ஆபீஸ். பிட்யூட்டரி ரீஜனல் ஆபீஸ். சினைப்பை, புதிதாகத் திறந்த கிளை. மூன்றும் ஒத்துப்போக இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை சில மாதங்களில் முட்டை வெளியாகாது, புரோஜெஸ்டிரான் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். அதனால்தான் தள்ளிப்போகிறது, வரும்போது சிலநேரம் அதிகமாகவும் போகிறது. ஸ்கேனில் தெரிந்த ‘கட்டி’கள் வளரும் முட்டைப்பைகள்தான், இந்த வயதில் நிறைய இருப்பது சகஜமாம். பதின்வயதில் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. ஸ்கேனுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்!

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. முதல் வருஷம் முன்பின் ஆகலாம். அடுத்த இரண்டு வருஷம் 21 முதல் 45 நாள் வரை சரி, அதன்பின் 35-க்குள் வர வேண்டும். எப்போதானாலும் 90 நாள் தாண்டினால், 7 நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், 15 வயதாகியும் வராவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்ப்பார்கள். மெலிய வேண்டுமென்று பட்டினி கிடந்தாலும் நின்றுபோகும். நமக்குத் தக்கலை அரசு மருத்துவமனை பக்கம்தான், ஆசாரிப்பள்ளமும் தூரமில்லை. போனில் கேட்க 104.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. தேதியை அது சரிசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது பழைய தேதிகளைத்தான். முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் எழுதியவள் வீட்டில் ஒரு தேதிகூடக் குறித்து வைக்கவில்லை! இப்போது பேத்தியே அலமாரிக் கதவின் உள்பக்கம் காலண்டர் ஒட்டிக் குறிக்கிறாள். போன முறை 38 நாள்.