பயிற்சி மென்பொருளும் பதினைந்து நாள் திட்டமும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளிமாநிலம் வந்த நம்மில் பலருக்கு, முதல் மாதத்து அனுபவம் ஒன்று பொதுவாக இருக்கும். சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறும்போது கையில் ஒரு மொழிப் புத்தகம் இருந்தது. எழுத்து, பெயர்ச்சொல், வினைச்சொல் என்று வரிசையாகக் கற்று, இலக்கணம் முற்றிய பின்னர் வாய் திறப்பது என்பது நமது திட்டம். வந்து இறங்கிய மறுநாட் காலையில் காய்கறிக்காரர் வாயிலில் வந்து நின்றார். விலை கேட்கவும், குறைக்கச் சொல்லவும், சில்லறை வாங்கவும் பத்துச் சொற்கள் உடனே வேண்டியிருந்தன. அவற்றை முதலில் கற்றோம். அடுத்த வாரம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் முறையிடும் அளவுக்குக் கற்றோம். மொழிப் புத்தகம் இன்றும் பரணில் கிடக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. தொழிலாளருக்குப் பயிற்சி அளிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்ய எவ்வாறு திட்டமிடுவது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் குருகிராமத்திலும் மென்பொருள் தொழிலில் உள்ள நேயர்களுக்கு 'அஜைல்' என்ற சொல் பழகிப் புளித்துப்போனதாக இருக்கலாம். ஏனையோருக்காக ஒரு வார்த்தை: காய்கறிக்காரரிடம் நாம் பயின்றோமே, அந்த முறைக்குத்தான் அப்பெயர்.

முதலில் நாங்கள் தவறிய கதையைச் சொல்லிவிடுகிறோம். புனே நகருக்கு வெளியே ஓர் இயந்திரத் தொழிற்சாலை. அங்கே பழுதுபார்க்கும் ஃபிட்டர்களுக்கு உயிர்நாடியான பாடம் ஒன்று உண்டு. இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவிட்சில் தம் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். குழாய்களில் அடைபட்டிருக்கும் காற்றழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். கடைசியாக, ஓட்டும் பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று கண்ணாற் கண்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் கை போகும், உயிரும் போகலாம்.

இப்பாடத்தையும் இன்னும் நாற்பது பாடங்களையும் கற்பிக்க எங்களிடம் மென்பொருள் கேட்டனர். நாங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து தேவைகளையெல்லாம் எழுதினோம். அந்த ஏடு கனமான ஒரு பஞ்சாங்கம் போல இருந்தது. பிறகு ஓராண்டு உழைத்துக் கட்டி முடித்தோம். திறப்பு விழாவும் நடந்தது. இரண்டே மாதத்தில், அனைவரும் பயிற்சி முடித்துவிட்டனர் என்று திரையில் பச்சை நிறம் காட்டியது. நாங்களும் மகிழ்ந்தோம்.

அதன்பின் ஒரு நாள் இரவுப் பணியில், பூட்டு மாட்டாமல் ஒருவர் பட்டைக்கடியில் கையை விட்டிருந்தபோது வேறொருவர் இயந்திரத்தை ஓட்டிவிட்டார். விரல்களுக்கும் உருளைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி, அவ்வளவில் தப்பினார். அவருடைய பெயருக்கு எதிரே எங்கள் மென்பொருள் நூற்றுக்கு நூறு மதிப்பெண் காட்டியது.

விசாரித்ததில் உண்மை தெரிந்தது. உள்ளே நுழைய மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று அமைத்திருந்தோம். பட்டறையில் பலருக்கு அது கிடையாது. பணியிடத்தில் கைபேசிக்குத் தடை. பாடமோ ஆங்கிலத்தில் ஓடியது. மேற்பார்வையாளர் என்ன செய்வார்? தம் அறையிலே அமர்ந்து, முப்பது பேருக்கும் தாமே பொத்தானை அழுத்தி முடித்துவைத்தார். அவரைக் குறை கூற எங்களுக்கு வாய் எழவில்லை. நாங்கள் எழுதிய ஏட்டில் மின்னஞ்சலைப் பற்றி நான்கு பக்கம் இருந்தது. ஃபிட்டர் எங்கே, எப்போது, எதன்முன் அமர்ந்து படிப்பார் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

முழுவதையும் முதலிலேயே எழுதி, பிறகு கட்டி, கடைசியில் சோதிக்கும் இந்தப் பழைய வழிக்கு அருவி முறை என்று பெயர். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய கட்டுரையை இதற்கு மூலமாகக் காட்டுவர். வேடிக்கை என்னவெனில், சோதனையைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும் இம்முறை ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அக்கட்டுரையிலேயே அவர் எச்சரித்திருந்தார். படத்தைக் கண்டவர் பலர், எழுத்தைப் படித்தவர் சிலர் போலும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில், யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் என்னும் மலைவாசத்தலத்தில் பதினேழு மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை விடுத்தனர். அதிலிருந்துதான் 'அஜைல்' என்ற பெயர் நிலைத்தது. திட்டத்தைப் பற்றி நிற்பதைக் காட்டிலும் மாறுதலுக்கு ஈடுகொடுப்பதை மேலாக மதிப்பதாக அவர்கள் கூறினர். திட்டமே வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அப்படிப் பொருள் கொண்டு, ஏடும் இல்லாமல் எண்ணமும் இல்லாமல் வேலை தொடங்கிய குழுக்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். உண்மையில் அஜைல் முறையில் திட்டமிடும் வேலை அதிகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் திட்டமிட வேண்டும்.

இரண்டாம் முறை நாங்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்கினோம்: புதிதாகச் சேரும் ஃபிட்டர், தம் முதல் வாரத்திற்குள், பூட்டிடும் முறையை உண்மையான இயந்திரத்தின் முன் தவறின்றிச் செய்து காட்ட வேண்டும். பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார். கற்றவருக்குப் பிடித்ததா, அவர் கற்றாரா, பணியிடத்தில் நடத்தை மாறியதா, அதனால் விளைந்தது என்ன என்பவை அவை. எங்கள் பழைய பச்சை நிறம் இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அடுத்து, செய்ய வேண்டியவற்றின் பட்டியல். இதனை 'பேக்லாக்' என்பர். ஒவ்வொரு வரியும் யாருக்கு, என்ன, எதற்காக என்பதைச் சொல்ல வேண்டும். பட்டியலில் எது முதலில் என்பதே உண்மையான திட்டம். நாற்பது பாடங்களுக்கும் பொதுவான உள்நுழைவை முதலில் கட்டுவோம், பிறகு அறிக்கைப் பகுதியைக் கட்டுவோம் என்று எண்ணுவது இயல்பு. அது இலக்கணத்தை முதலில் முடிப்பது போன்றது. நாங்கள் ஒரே பாடத்தை, ஒரே மொழியில், ஓர் இயந்திரப் பிரிவின் ஒரு ஷிப்டுக்கு மட்டும், தொடக்கம் முதல் முடிவு வரை செய்வது என்று தீர்மானித்தோம். உள்நுழைவுக்கு அடையாள அட்டையின் எண் போதும் என்று வைத்துக்கொண்டோம். வேலையைப் பதினைந்து நாள் ஓட்டங்களாகப் பிரித்தோம். 'ஸ்பிரின்ட்' என்பது இதுவே. ஒரு மாதத்தைத் தாண்டலாகாது என்பது விதி.

இந்த முறையில் எங்கள் மனம் கவர்ந்தது, வேலையின் அளவை மதிப்பிடும் சீட்டு விளையாட்டு. 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் வகுத்தது இது. 1, 2, 3, 5, 8, 13 என்று எண்ணிட்ட சீட்டுகள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ஒரு வேலையைப் படித்தவுடன், மற்ற வேலைகளோடு ஒப்பிட்டு அது எவ்வளவு பெரியது என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அனைவரும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். ஒரே சமயத்தில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் அலுவலகங்களில் மூத்தவர் ஓர் எண்ணைச் சொன்ன பிறகு இளையவர் வேறு எண் சொல்வது எங்கே நடக்கிறது?

பாடத்தை மராத்தியில் தருதல் என்ற வரி வந்தபோது பெரும்பாலோர் 3 வைத்தனர். குழுவிலேயே இளையவரான ஒரு பெண் 13 வைத்திருந்தார். காரணம் கேட்டோம். அவர் தந்தையார் ஆலைத் தொழிலாளியாம். மொழிபெயர்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது என்றார் அவர். பத்து மணி நேரம் நின்று களைத்தவர் திரையில் பத்திகளைப் படிக்கமாட்டார். குரலில் சொல்ல வேண்டும். பட்டறை இரைச்சலில் காதடைப்பானோடு நிற்பவருக்குக் குரல் கேட்காது. ஆகவே திரையைத் தேநீர் அறையில் வைக்க வேண்டும். பாடத்தில் ஒரு சொல் மாறினாலும் குரலை மறுபடி பதிவுசெய்ய வேண்டும். அவர் பேசி முடித்ததும் மறு சீட்டு வைத்தோம், அனைவரும் 13. முதல் திட்டத்தில் மூன்று மாதம் எழுதியும் எங்களுக்குப் புலப்படாதது, அன்று ஐந்து நிமிடத்தில் புலப்பட்டது.

எது நிறைந்தால் ஒரு வேலை முடிந்ததாகும் என்பதையும் முன்னரே எழுதி ஒட்டினோம். பாதுகாப்பு அதிகாரி சரிபார்த்து, ஃபிட்டர் ஒருவர் எங்கள் உதவியின்றிப் பார்த்து, இயந்திரத்தின் முன் செய்து காட்டினால்தான் முடிந்தது. இங்கேதான் ஓர் இடர் எழுந்தது. பயிற்சி மென்பொருளில் நிரல் எழுதுவது பாதி வேலைகூட அன்று. பாடத்தை ஆக்குவதே பெரும்பாடு. பாடம் அறிந்த அதிகாரிக்கோ நேரமில்லை. முதல் ஓட்டத்தில் நாங்கள் அவருக்காகவே ஆறு நாள் காத்திருந்தோம். இரண்டாவது ஓட்டத்திற்கு, செவ்வாயும் வெள்ளியும் காலை ஒரு மணி நேரம் அவர் எங்களுடன் அமர்வது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கினோம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் நின்றபடி பேசும் கூட்டம் உண்டு. அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சில இடங்களில் அது இன்னொரு வருகைப் பதிவேடாக மாறிவிட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

மூன்று ஓட்டங்கள் ஆனபின் நிர்வாகி தேதி கேட்டார். முதல் ஓட்டத்தில் 14 புள்ளி அளவுக்கும், இரண்டாவதில் 19-க்கும், மூன்றாவதில் 17-க்கும் வேலை முடிந்திருந்தது. மீதி 100 புள்ளி. நல்ல வேகத்தில் 6 ஓட்டம், மந்த வேகத்தில் 8 ஓட்டம். அதாவது 12 முதல் 16 வாரம் என்றோம். ஒரே தேதியாகச் சொல்லுங்கள் என்று அவர் கடிந்தார். வேண்டுமானால் இன்னும் நான்கு பேரைத் தருவதாகவும் சொன்னார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று பிரெடெரிக் புரூக்ஸ் 1975-இலேயே எழுதியிருக்கிறார். புதியவருக்குக் கற்பிக்கும் பொறுப்பும் பழையவர் தலையில் விழுமன்றோ? ஆகவே ஆளுக்குப் பதிலாகப் பட்டியலை அவர் முன் வைத்தோம். மதிப்பெண் வரிசையும் பரிசுச் சின்னங்களும் 21 புள்ளி அளவு இடம் பிடித்திருந்தன. அவற்றை அவரே பேனாவால் அடித்தார்.

பின் வந்த ஓட்டங்களில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்தன. அங்கே நம்மவர் சிலரும் வேலை செய்தனர். எனவே தமிழும் பட்டியலில் ஏறியது. குரலை எங்களில் ஒருவரே கொடுத்தார். தேநீர் அறையில் திருநெல்வேலிப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர் அதை முழுவதும் கேட்டார். "எல்லாம் சரிதான் சார். ஆனால் 'தனிமைப்படுத்தும் பூட்டு' என்கிறீர்களே, அது எந்தப் பூட்டு? நாங்கள் 'லாக்' என்றுதான் சொல்வோம்" என்றார். அடுத்த பதினைந்து நாள் திட்டத்தில் அந்தத் திருத்தம் முதல் வரியாக ஏறியது. அதற்கு வைத்த சீட்டு 1.