அடுத்தவர் முகத்தில் நாம் படிப்பது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே!

1974-ல் இங்கே பி.யு.சி. படித்தபோது நானும் கதவோரத்து ஆள்தான். பிறகு மருத்துவம் படித்து, மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. "மூளையைப் பத்திப் பேசுங்க சார், ஆனா பயமுறுத்திடாதீங்க" என்றார் செயலாளர். பயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம்முடைய பயம் இல்லை. எதிரே இருப்பவருடைய பயம்.

காலையில் வாசலில் ஒரு காட்சி பார்த்தேன். 'டேய்!' என்று கட்டிப்பிடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு எதிராளியின் பெயர் ஞாபகம் இல்லை. ஆனால் அவன் சந்தோஷமாக இருக்கிறானா, சங்கடத்தில் நெளிகிறானா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. 'யார் இவர்' என்று அறிவதும் 'என்ன மனநிலையில் இருக்கிறார்' என்று அறிவதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல. ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும்.

இதற்குச் சாட்சி, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்த ஒரு பெண்மணி. மருத்துவ உலகில் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துதான் அவர் பெயர். காதுக்குச் சற்று முன்னால், தலைக்குள் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக நமக்கு அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. வாதுமைப் பருப்பு வடிவம். கிரேக்க மொழியில் அதுதான் பெயரின் அர்த்தமும். உர்பாக்-வீத்தே என்ற அபூர்வப் பரம்பரை நோயால் எஸ்.எம்.முக்கு அந்த இரண்டு பருப்பும் அழிந்துபோயிருந்தன.

ரால்ஃப் அடால்ஃப்ஸ், அந்தோனியோ டமாசியோ முதலியோர் 1994-ல் 'நேச்சர்' இதழில் அவரைப் பற்றி எழுதினார்கள். தெரிந்தவர் முகத்தை அவர் சரியாக அடையாளம் சொல்வார். சிரிப்பைச் சிரிப்பு என்பார். பயந்த முகத்தைக் காட்டினால் மட்டும் திணறுவார். அவருக்குப் படம் வரைய நன்றாக வரும். 'சந்தோஷ முகம் வரையுங்க', 'சோக முகம் வரையுங்க' என்றால் வரைந்தார். 'பயந்த முகம்' என்றபோது, அது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை என்றார். கடைசியில், தலைமுடி குத்திட்டு நிற்க, தவழ்ந்து போகும் ஒரு குழந்தையை வரைந்து கொடுத்தார்.

ஆகவே அமிக்டலாதான் பயத்தைப் படிக்கும் இயந்திரம் என்று பலர் முடிவுகட்டினார்கள். நானும் அப்படித்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

2005-ல் அதே அடால்ஃப்ஸ் குழுவினர் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் தடவை எஸ்.எம்.மின் விழிகள் எங்கே போகின்றன என்று அளந்திருந்தார்கள். எதிரே உள்ள முகத்தில் அவர் கண்களைப் பார்ப்பதே இல்லை! பயம் பெரும்பாலும் கண்ணில்தானே இருக்கிறது? இமை விரிந்து வெள்ளை விழி கூடுதலாகத் தெரியும். அந்த வெள்ளையை மட்டும் 17 மில்லி செகண்டு, அதாவது பார்த்தோம் என்றே உணராத நேரம், காட்டினாலும் சராசரி மனிதருடைய அமிக்டலா துடித்துக்கொள்கிறது. இது 2004-ல் வந்த ஆய்வு. எஸ்.எம்.மிடம் 'கண்களைப் பாருங்கள்' என்று சொன்னார்கள். அவ்வளவுதான், பயத்தை நம்மைப் போலவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அடுத்த முறை சொல்லாமல் விட்டால் பழைய கதை. ஒவ்வொரு முறையும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. 'இங்கே பார்' என்று நமக்கு உள்ளிருந்து சொல்லும் குரல் அவருக்கு இல்லை.

(அருவருப்புக்கு இன்சுலா என்ற வேறு பகுதியும் உண்டு, குரலைப் படிப்பது தனிக்கதை. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அதெல்லாம் வேண்டாம்.)

இந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் 1991-ல் நடந்த ஒன்று.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிராமத்து அம்மா. பார்வை நரம்பை அழுத்தும் கட்டி. ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, அதைப் பார்த்தபடியே, "ஆபரேஷன் பண்ணணும்மா, சரியாயிடும், கையெழுத்துப் போடுங்க" என்றேன். "சரிங்கய்யா" என்றார். எதைக் கேட்டாலும் "சரிங்கய்யா"தான். மறுநாள் காலையில் கட்டில் காலி. வார்டு ஆயா சொன்னார்: "அந்தம்மா நேத்தே மிரண்டு போய்த்தான் சார் இருந்துச்சு. நீங்க பாக்கலையா?"

எட்டு மாதம் கழித்து மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டியை எடுத்தோம். இடது கண் பார்வை திரும்பவில்லை. "ஏம்மா அன்னைக்குச் சொல்லாம போனீங்க?" என்று கேட்டேன். "யாருகிட்டங்கய்யா சொல்றது? நீங்க தலையத் திருப்பவே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

என் அமிக்டலா இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, நண்பர்களே. எஸ்.எம்.முக்கு நோய். எனக்கு என்ன?

2005-க்குப் பிறகு விளக்குப் பெட்டியின் கீழே 'கண்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்தேன். "சார் கண் டிபார்ட்மெண்டுக்கு மாறப் போறாராம்" என்று பயிற்சி மருத்துவர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. பசை விட்டுச் சீட்டு விழும்போதெல்லாம் அந்த ஆயாதான் எடுத்து மறுபடி ஒட்டுவார். அவர் ஓய்வுபெற்ற பிறகு நானே ஒட்டிக்கொண்டேன்.