தண்ணீருக்குத் தீட்டு உண்டா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் தண்ணீர். தாகமெடுத்தால் குடிப்போம், இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இந்நாட்டில் அதை அவ்வளவோடு விட்டிருந்தால் நமக்கும் பேசவேண்டிய அவசியமில்லை. ஒருவன் கை பட்டால் தண்ணீர் கெட்டுவிடுகிறதென்றும், மற்றொருவன் மந்திரம் சொன்னால் அதே தண்ணீர் சுத்தமாகிவிடுகிறதென்றும் சொல்லி, மனிதனைக் குளத்தில் இறங்கவிடாமல் அடித்து விரட்டியிருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் என்பது என்ன, தீட்டு ஒட்டிக்கொள்ள அதில் இடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

ஜலம் பஞ்சபூதங்களில் ஒன்று என்று நம் புராணிகர்கள் சொன்னார்கள். கிரேக்க தேசத்துப் பெரியவர்களும் அதை ஒரு மூலப்பொருளென்றே நம்பினார்கள். ஆதலால் அந்தப் பிசகு நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் மேனாட்டார் சோதித்துப் பார்த்து அதை விட்டுவிட்டார்கள். தண்ணீர் மூலப்பொருளல்லவென்று பிரான்சில் லவாசியர் 1783-ல் சொன்னார். எரியும் வாயு ஒன்றைக் காற்றோடு கலந்து கொளுத்தினால் தண்ணீர் உண்டாவதை இங்கிலாந்தில் காவெண்டிஷ் 1784-ல் வெளியிட்டார். 1800-ல் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, அதை இரண்டு வாயுக்களாகவே பிரித்தார்கள். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இன்று ஒரு பாட்டரியை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடுகிறார்கள்.

இந்த அணுக்கள் சேர்ந்திருப்பது கூட்டு வியாபாரம் போல. ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் எலெக்ட்ரானைப் போடுகிறது; அதற்கீடாக ஆக்சிஜனும் ஒன்று போடுகிறது; அந்த ஜோடி இருவருக்கும் பொது. இதை 1916-ல் அமெரிக்காவில் லூயிஸ் என்பவர் விளக்கினார். ஆனால் கூட்டாளிகளில் ஆக்சிஜன் சற்றுப் பேராசைக்காரன். பொதுச் சொத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறான். அதனால் அவன் பக்கம் சிறிது எதிர் மின்சாரமும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர் மின்சாரமும் தங்குகின்றன. மூன்று அணுக்களும் நேர்கோட்டில் நில்லாமல் சுமார் 104.5 டிகிரிக் கோணத்தில் வளைந்து நிற்பதால் மூலக்கூறு முழுவதற்குமே இரண்டு முனைகள் ஏற்படுகின்றன. ஒன்றின் ஹைட்ரஜன் பக்கம் அடுத்ததன் ஆக்சிஜன் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர்.

இந்தப் பிடியின் பலத்தைப் பாருங்கள். அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீருக்குத் தம்பி முறை. அது பூஜ்யத்திற்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. தண்ணீரோ 100 டிகிரி வரை தாங்குகிறது. இப்பிடி இல்லையேல் கடலுமிராது, குளமுமிராது, பஞ்சாங்கக்காரருமிரார். தண்ணீர் உறையும்போது இதே பிடிதான் மூலக்கூறுகளை விலக்கி நிறுத்துகிறது. பனிக்கட்டி நூற்றுக்கு ஒன்பது பங்கு அதிக இடம் பிடித்து மிதக்கிறது. குளிர்தேசத்து ஏரிகளில் மேலே கட்டியிருக்க அடியில் மீன் பிழைத்திருப்பது வருணபகவான் கருணையாலல்ல.

முக்கியமான சங்கதி இன்னொன்று. திரவமாயிருக்கும் தண்ணீரில் இந்தப் பிடி நிலைப்பதேயில்லை. ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் சில பங்கு நேரந்தான். அதற்குள் பழைய பிடி விட்டுப் புதிய பிடி. தன் பக்கத்தில் சற்றுமுன் இருந்தவன் யாரென்பதே அதற்கு நினைவில்லாதபோது, தொட்டவன் ஜாதியை எங்கே எழுதி வைத்துக்கொள்ளும்? உப்பு கரைகிறது, சர்க்கரை கரைகிறது. காலராக் கிருமி சேர்ந்தால் பூதக்கண்ணாடியில் தெரிகிறது, கொதிக்க வைத்தால் சாகிறது. ஜாதி எத்தனை டிகிரியில் சாகும் என்று நாம் கேட்கிறோம்.

அன்றைய பம்பாய் மாகாணத்து மஹாட் என்னும் ஊரில் சவதார் குளம் இருக்கிறது. அதில் ஆடுமாடுகள் குடித்தன; தாழ்த்தப்பட்டோர் மட்டும் குடிக்கக் கூடாதென்றிருந்தது. 1927 மார்ச் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் போய் அத்தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு வைதீகர்கள் சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்த 108 குடங்களை வைத்து மந்திரம் சொல்லிக் குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். ரசாயன சாஸ்திரப்படி அக்குளம் அசுத்தமானது அன்றுதான். அதோடு நில்லாமல், குளம் தங்கள் சொந்தச் சொத்தென்று வழக்கும் தொடுத்தார்கள். 1937-ல் பம்பாய் ஹைகோர்ட்டு தாழ்த்தப்பட்டோர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தப் பத்து வருஷத்தில், தீட்டுப்பட்டதென்ற அந்தத் தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, எந்தெந்த வைதீகர் வீட்டுக் கிணற்றில் இறங்கிற்றோ, அதற்கு யார் குடம் எடுத்தார்கள்?