வாணியனுக்குக் கொடுப்பதா, வைத்தியனுக்குக் கொடுப்பதா?

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவர், இசை பொழிவர், நாடகம் ஆடுவர். அத்தகைய மேடையில் மோட்டார் வண்டிக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றிப் பேச யான் வந்திருக்கின்றேன். "இதுவும் ஒரு பொருளா?" என்னும் புன்னகை சிலர் முகத்தில் அரும்புவதைக் காண்கின்றேன். ஆயினும் நம் குடியிருப்பில் கார் நில்லாத வாயில் அரிது. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள், வீட்டிற்கு அடுத்தபடியாக விலை மிக்கது கார்தான். பல்லாண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கிய அப்பொருளின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது, அதன் எஞ்சினுக்கு அடியில் கிடக்கும் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய். மின்கார் வைத்திருப்போர் மட்டும் இவ்வுரையின்போது சற்றே கண்ணயரலாம். ஏனையோர் செவி சாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்றனர் நம் முன்னோர். நல்லெண்ணெய் விற்கும் வாணியனை மனத்திற் கொண்டு சொன்ன பழமொழி அது. இன்று அஃது எஞ்சினுக்கும் சாலப் பொருந்தும். எண்ணெய்க்குச் சில ஆயிரம் செலவிடத் தயங்குவோர், பின்னர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டப் பல்லாயிரம் அழவேண்டி வரும். அதே வேளையில், தேவையின்றி எண்ணெயை மாற்றிக் கொண்டேயிருப்பதும் அறிவுடைமை ஆகாது. எந்த எண்ணெய், எப்பொழுது மாற்றுவது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

முதற்கண், எண்ணெய் செய்யும் தொழில் யாது? உராய்வைக் குறைப்பது ஒன்றே என்று பலர் எண்ணுவர். அதன் தொழில்கள் ஐந்து. ஒன்றோடொன்று உரசும் உறுப்புகளுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று தேய்மானத்தைத் தடுக்கின்றது. பிஸ்டனின் வெப்பத்தை ஏந்திக் கீழே கொணர்கின்றது. கரியையும் அழுக்கையும் தன்னுள் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டு செல்கின்றது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைத்து அழுத்தம் கசியாமற் காக்கின்றது. துருவும் அமிலமும் உலோகத்தை அரிக்காமல் தடுக்கின்றது. குருதி உடலுக்குச் செய்யும் பணியை எண்ணெய் எஞ்சினுக்குச் செய்கின்றது எனின் மிகையாகாது.

இனி, கடைக்காரர் "சிந்தெடிக்" என்று கூறும் செயற்கை எண்ணெய்க்கு வருவோம். வழக்கமான கனிம எண்ணெய், கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்துத் தூய்மை செய்து பெறுவது. நம் தமிழகத்திலேயே சென்னையை அடுத்த மணலியில், 1965ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மதராஸ் சுத்திகரிப்பு நிறுவனம், எரிபொருளோடு மசகுக்குரிய அடிப்படை எண்ணெயும் ஆக்கிப் புகழ் பெற்றது. அவ்வாறு பெறும் கனிம எண்ணெயில் மூலக்கூறுகள் பெரியனவும் சிறியனவுமாய்க் கலந்தே கிடக்கும். ஆற்று மணலில் பரலும் பொடியும் கலந்து கிடப்பது போல் என்று கொள்க. செயற்கை எண்ணெயிலோ, மூலக்கூறுகள் வேதியியல் முறையால் ஏறத்தாழ ஒரே அளவினவாய் அமைக்கப்படுகின்றன. சலித்தெடுத்த மணலை ஒத்தது அது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலியத் தட்டுப்பாட்டால் இடருற்ற ஜெர்மனி இத்துறையில் முனைந்து உழைத்தது. பின்னர் ஜெட் விமானங்களின் கடுவெப்பத்திற்குக் கனிம எண்ணெய் ஈடு கொடாமையால், எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய் வானேறிற்று. 1970களில் அது கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை அறிந்து கொள்ளுதல் நலம். எண்ணெய்க் கலத்தின்மேல் "முழுச் செயற்கை" என்று எழுதியிருப்பவை அனைத்தும் ஒரே வகையின அல்ல. அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பகுத்துள்ளனர். நான்காம் தொகுதியைச் சேர்ந்தது, வாயுப் பொருளிலிருந்து தொடுத்துக் கட்டப்படும் பாலி ஆல்பா ஓலிபின். மூன்றாம் தொகுதி, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் உடைத்து மாற்றியமைத்தது. இம்மூன்றாம் தொகுதியைச் செயற்கை எண்ணெய் எனல் தகுமா என்று அமெரிக்காவில் இரு பெரு நிறுவனங்களுக்கிடையே வழக்காடல் எழுந்தது. 1999ஆம் ஆண்டு விளம்பரங்களை ஆயும் அமைப்பொன்று "தகும்" என்றது. அதன் பின்னர் அப்பெயர் பெருவழக்காயிற்று. ஆதலின் பெயரைக் கண்டு மயங்காது, கலத்தின் பின்புறம் பொறித்த தர எண், உங்கள் காரின் கையேட்டில் அச்சிட்ட தர எண்ணோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பதே முறை.

எண் என்றதும் 5 டபிள்யூ 30 என்பது போன்ற குறி நினைவிற்கு வரும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறியதாயின், கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய நிலையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாய் நிற்கும் என்பதைக் காட்டும். பெங்களூரில் பனி உறைவதில்லை. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி, மிக உயர்ந்தது 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. ஆகவே உறைபனி நாட்டார்க்குச் செயற்கை எண்ணெய் தரும் முதன்மையான நன்மை நமக்குப் பெரிதன்று. நமக்கு அதன் நன்மை வெப்பத்தைத் தாங்குவதில் உள்ளது. விரைவில் ஆவியாகாமலும் பிசினாய்க் கட்டாமலும் இருப்பதில் உள்ளது. டர்போ பொருத்திய எஞ்சின்களுக்கு இது மிக வேண்டுவது. "தடித்த எண்ணெயே நல்லெண்ணெய்" என்பது பழைய அம்பாசிடர் காலத்து நம்பிக்கை. இக்காலச் சிறு கார்கள் சிலவற்றிற்கு 0 டபிள்யூ 16 போன்ற மிக மெல்லிய எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. அவற்றில் தடித்த எண்ணெய் ஊற்றினால் எரிபொருள் வீணாவதோடு, நுண்ணிய வழிகளில் எண்ணெய் உரிய நேரத்தில் சென்றடைவதும் தாமதமாகும்.

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகின்றேன். எண்ணெயை எப்பொழுது மாற்றுவது? நம் நாட்டுப் பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு, பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகின்றதோ அப்பொழுது என்று கூறும். நம்மவர் பத்தாயிரம் என்பதை மனத்திற் கொள்வர். ஓராண்டு என்பதை மறப்பர். அடுத்த பக்கத்தில் "கடினமான ஓட்டச் சூழல்" என்னும் தலைப்பில் உள்ளதைப் படிக்கவே மாட்டார். அப்பக்கத்தில் என்ன உளது? குறுந்தொலைவுப் பயணம், நெடுநேரம் நின்று நின்று ஊர்தல், புழுதி நிறைந்த சாலை ஆகியவை இருப்பின் விரைந்து மாற்றுக என்று உளது. அன்பர்களே, அது பெங்களூரை நேரில் கண்டு எழுதியது போல் தோன்றவில்லையா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனம், 2022ஆம் ஆண்டு இந்நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆயிற்று என்று கணித்தது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம். அவ்வேகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட எஞ்சின் ஐந்நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு அதே தொலைவிற்கு நூற்றிருபத்தைந்து மணி நேரம் போதும். தொலைவு காட்டும் கருவியில் இரண்டும் பத்தாயிரமே. எண்ணெயோ ஒன்றில் நான்கு மடங்கு நேரம் வெந்திருக்கின்றது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பால் மேம்பாலத்திலும் சக்கரம் சுழலாது நிற்கும்போதும் எஞ்சின் சுழன்று கொண்டுதான் இருக்கின்றது. கிலோமீட்டர் கணக்கில் அந்நேரம் ஏறுவதில்லை. எண்ணெயின் கணக்கில் ஏறுகின்றது.

குறுந்தொலைவுப் பயணம் இன்னும் கொடிது. குழந்தையைப் பள்ளியில் விட்டு வரவும், காய்கறி வாங்கி வரவும் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் காரில் எண்ணெய் முழுச் சூடு அடைவதே இல்லை. எரியாத பெட்ரோல் துளிகளும், எரிதலில் பிறக்கும் நீராவியும் எண்ணெயில் இறங்கித் தங்கிவிடும். எண்ணெய் நீர்த்துப் போகும், அமிலம் பெருகும், அதை எதிர்க்கச் சேர்த்த மருந்துப் பொருள்கள் தீர்ந்து போகும். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "என் வண்டி ஆண்டிற்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, எண்ணெய் எதற்கு?" என்று கேட்கலாம். குறைவாய் ஓடும் அவ்வண்டிக்கே ஆண்டுக் கணக்கு மிக இன்றியமையாதது. அதற்கு மாறாக, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் கடந்து, கிருஷ்ணகிரி வழியே சேலத்திற்கும் மதுரைக்கும் செல்லும் நம் பயணம் எண்ணெய்க்கு மருந்து போன்றது. பல மணி நேரம் ஒரே சீராய்ச் சூடேறி ஓடுகையில் தேங்கிய நீரும் பெட்ரோலும் பெரும்பாலும் ஆவியாய் வெளியேறும். பிறந்த மண்ணைக் காணச் செல்வது மனத்திற்கு மட்டுமின்றி எஞ்சினுக்கும் நலம் பயக்கின்றது!

"செயற்கை எண்ணெய் ஊற்றினால் இருபதாயிரம் கிலோமீட்டர் வரை திரும்பிப் பார்க்க வேண்டா" என்போர் உளர். செயற்கை எண்ணெய் தான் கெடுவதில் தாமதிக்கும் என்பது மெய். ஆனால் வெளியிலிருந்து வந்து கலக்கும் பெட்ரோலையும் நீரையும் புழுதியையும் அதனால் மறைந்து போகச் செய்ய இயலாது. சிறந்த துணியாயினும் அழுக்கேறினால் துவைத்தே ஆகவேண்டும். ஆகவே கையேடு கூறும் எல்லையைத் தாண்டுதல் கூடாது. உத்தரவாதக் காலத்தில் தாண்டினால் உத்தரவாதத்திற்கே ஊறு நேரலாம். அவ்வாறே, மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செயற்கை எண்ணெயை மாற்றச் சொல்லும் அச்சுறுத்தலுக்கும் இணங்க வேண்டா. கையேட்டைத் திறந்து காட்டுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, கையேட்டின் கடினச் சூழல் அட்டவணையைப் படித்து, நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு அதனைப் பின்பற்றுக. நெடுஞ்சாலையில் மிகுதியாய் ஓடும் காருக்கு இயல்பான அட்டவணை போதும்.

இரண்டாவது, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஆயில் பில்டரையும் மாற்றுக. பழைய வடிகட்டியோடு புதிய எண்ணெய் சேர்வது, கழுவாத குடத்தில் காவிரி நீர் நிரப்புவது போன்றது.

மூன்றாவது, திங்கள் ஒருமுறை சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்க. இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நிற்க வேண்டும். மேற்குறிக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே. நிறம் கறுத்தமை மட்டும் கெட்டதற்கு அடையாளம் ஆகாது; டீசல் காரில் அது சில நாட்களிலேயே கறுக்கும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. உடனே பழுது பார்ப்பவரிடம் காட்டுக.

நான்காவது, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களுள் புகைக்கரி வடிகட்டி உடையவற்றிற்குச் சாம்பல் குறைந்த தனி வகை எண்ணெயே ஊற்றுக. வேறு எண்ணெயின் சாம்பல் அவ்வடிகட்டியை அடைத்துவிடும்.

ஐந்தாவது, நம்பகமான கடையில் முத்திரை உடையாத கலத்தை வாங்கி, ரசீதும் பெறுக. எண்ணெயை ஊற்றியபின் வெற்றுக் கலத்தைத் துளையிட்டே விடுக. போலி எண்ணெய் நிரப்புவோர் தேடுவது அத்தகைய வெற்றுக் கலங்களைத்தான்.

இறுதியாக ஒன்று. கழித்த எண்ணெய் எங்கே செல்கின்றது? வீட்டு வாயிலில் மாற்றிவிட்டு மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவோர் உளர். கன்னட மக்கள் ராஜகாலுவே என்று வழங்கும் அக்கால்வாய்கள் ஏரிகளோடு இணைந்தவை. ஏரிகளை ஒன்றோடொன்று கோத்து வாழ்ந்த ஊர் இது. வாழ வந்த நம்மை ஏற்று, வேலையும் வீடும் தந்த இவ்வூரின் நீரை நாமே கெடுத்தல் தகுமா? ஒரு காலன் கழிவெண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை எச்சரித்துள்ளது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவெண்ணெய், தீங்கு விளைக்கும் கழிவுகளுள் ஒன்று. அதனை மீட்டு மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் உற்பத்தியாளர் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. அச்சட்டம் பயன் தரவேண்டுமாயின், எண்ணெய் முதலில் கால்வாய்க்குச் செல்லாமல் பணிமனையின் பீப்பாய்க்குச் செல்ல வேண்டும். அது நம் கையில் உள்ளது.

அன்பர்களே! இன்றிரவு இல்லம் சென்றதும் காரின் முன்னறையில் உறங்கும் கையேட்டை எடுத்து, அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். கடைசியாக எண்ணெய் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.