மேல்மடை நகரமும் கீழ்மடைக் காசியும்

(சம்மாந்துறையில் ஆற்றிய உரை)



திரைப்பட முன்னோட்டம் சில நிமிடத் துண்டு. கதை சொல்ல அதற்கு நேரமில்லை. ஆகவே அச்சத்தைக் காட்சியாகவே ஊட்டிவிடுகிறது. 2024இல் நாக் அஸ்வின் இயக்கத்தில் வந்த ‘கல்கி 2898 ஏடி’யை எடுத்துக்கொள்வோம். கீழே புழுதி படிந்த காசி. மேலே வானத்தை மறைத்து நிற்கும் செல்வர் நகரம். நீரும் பசுமையும் அங்கே மட்டுந்தான். ஆள்பவன் யார், சட்டம் என்ன என்ற விளக்கம் தேவைப்படவேயில்லை. இருளும் இடிமுழக்க இசையும் வெறும் மேற்பூச்சென்பதே நம் எண்ணம். நீர் எவர் கையில் என்ற அந்த ஒரே காட்சிதான் நெஞ்சை உலுக்குகிறது.

நகரத்தார் இதைக் கற்பனையென்று கைதட்டலாம். கல்லோயா நீரை நம்பி வயல் செய்யும் நமக்கு அப்படியா? சிறுபோகத்தில் மேல்மடையார் கதவை அடைத்தால் கடைமடை என்னவாகும் என்பதை நம் வட்டவிதானைமாரைக் கேளுங்கள்!