பட்டறைத் தமிழும் கலைச்சொல்லும்: மகிழுந்துக் குளிர்சாதனத்தை முன்வைத்து



மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நமக்கு மகிழுந்துப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேலை இருந்தது. நம் மகிழுந்தின் குளிர்சாதனம் ஈராண்டுகளுக்குள் மூன்று முறை குளிர்ச்சியை இழந்தது. மூன்று முறையும் ஒரே பட்டறைக்குச் சென்றோம், மூன்று முறையும் ஒரே விடை கிடைத்தது: “கேஸ் தீந்துபோச்சு ஐயா, அடிச்சுக் குடுத்துடுறேன்.” அடித்துக் கொடுத்தார், பணம் கொடுத்தோம். சில மாதங்கள் குளிர்ந்தது. பிறகு மீண்டும் வெந்நீர்க் குளியல்தான். நான்காம் முறை வேறொரு பட்டறையை நாடினோம். அங்கிருந்த இளைஞர் சொன்ன ஒரு தொடரே இவ்வுரைக்கு வித்து: “கேஸ் தீராதுங்க ஐயா. எங்கேயோ லீக் ஆகுது.”

இவ்விரு விடைகளின் வேறுபாடு தொழில்நுட்பத்தில் மட்டுமன்று, இலக்கணத்திலும் உண்டு. ‘தீர்’ என்னும் வினை எழுவாயோடு நிறைவு பெற்றுவிடுகிறது. எண்ணெய் தீர்ந்தது, அரிசி தீர்ந்தது என்றால் மேலே கேட்க ஒன்றுமில்லை, பயன்படுத்தினோம், முடிந்தது. ‘கசி’, ‘ஒழுகு’ என்பன அப்படிப்பட்டவை அல்ல. எதிலிருந்து என்ற வினாவை அவை உடனே எழுப்புகின்றன. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளை வேண்டி நிற்கின்றன. இளைஞர் ஆங்கிலச் சொல்லைக் கையாண்டாலும் அந்த வினாவை விட்டுவிடவில்லை, ‘எங்கேயோ’ என்றார். முதற்பட்டறையின் வினைச்சொல்லோ அவ்வினாவை எழவே விடவில்லை. தூய தமிழ் வினை நம்மை ஏமாற்றியது, கலப்புத் தொடர் உண்மையைச் சொன்னது. சொற்றூய்மையை வலியுறுத்தியே காலம் கழித்த நமக்கு இதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை.

பொருளின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். குளிர்சாதனத்தில் சுற்றிவரும் பொருள் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. ஆவியாக்கியில் அது கொதித்து ஆவியாகும்போது உள்ளறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அமுக்கி அதனை நெருக்குகிறது. வண்டியின் முன்புறத்தில் உள்ள ஒடுக்கியில், பட்டறைச் சொல்லில் கண்டென்சரில், வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகிறது. இந்தச் சுற்று மூடிய சுற்று. இரப்பர்க் குழாய்களின் வழியே பல்லாண்டுகளில் சிறிதளவு கசிவது உண்மை. சில மாதங்களில் குளிர்ச்சி அற்றுப்போனால் ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். நம் வண்டியில் ஒடுக்கியின் கீழ்விளிம்பில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அமுக்கிக்கு உயவாக ஓடும் எண்ணெயும் வாயுவோடு சேர்ந்து வெளியேறிக் காட்டிக்கொடுத்த தடயம் அது.

அந்தப் பொருளுக்கு என்ன பெயர் இடுவது? இங்கேதான் நம் கலைச்சொல்லாக்கம் தடுமாறுகிறது. ‘குளிரூட்டி’ என்று ஒரு நூல் எழுதுகிறது. அதே சொல் குளிர்சாதனக் கருவி முழுவதையும் குறிக்கிறது. எந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் நீர்மத்திற்கும் அதுவே வழங்குகிறது. ‘குளிரூட்டி குறைந்துள்ளது’ என்று மாணவர் ஒருவர் படித்தால் எதைத் திறப்பார்? ஆகவே இவ்வுரையில் அதனைக் ‘குளிர்பதனி’ எனக் கொள்வோம். ‘கேஸ்’ என்பதற்கும் ஒரு குறை உண்டு: எந்தக் கேஸ் என்று அது சொல்வதில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஆர்-12 மறைந்து ஆர்-134ஏ வந்தது. அதுவும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது என்பதால் புதிய வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் இடம்பெறுகிறது. இது சிறிதளவு தீப்பற்றக்கூடியது. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை ஏற்றுதல் ஆகாது. (‘கேஸ் போட்டுவிட்டேன்’ என்று பட்டறையாளர் சொன்னதைக் கேட்டு, நம் மீது வழக்குத் தொடுத்துவிட்டாரோ என அஞ்சியவர்களும் உண்டு!)

பழுது நீக்கும் நாளில் நாம் அருகிலிருந்து பார்த்தோம். எஞ்சிய குளிர்பதனியை இளைஞர் காற்றில் திறந்துவிடவில்லை. மீட்பு எந்திரத்தால் உறிஞ்சிக் கலத்தில் சேர்த்தார். ஒடுக்கியை மாற்றினார், இணைப்புகளில் இருந்த இரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் உலர்த்தியையும் புதிதாக்கினார், பழைய ஒடுக்கியோடு போன எண்ணெய்க்கு ஈடாக உரிய வகை எண்ணெயை அளந்து ஊற்றினார். பிறகு ஒரு விசைக்குழாயை இணைத்து, ஒன்றும் ஏற்றாமல் அரைமணி நேரத்திற்கு மேல் ஓடவிட்டார். “வேக்குவம் போடுறேன்” என்றார். இல்லாத ஒன்றை எப்படிப் ‘போடுவது’ என்று நம்முள்ளிருந்த இலக்கண ஆசிரியர் முணுமுணுத்தார். ஆனால் செயலின் நுட்பம் வியப்புக்குரியது. காற்றழுத்தம் 24இல் ஒரு பங்காகக் குறைந்தால் நீர் 30 பாகைச் செல்சியசிலேயே கொதித்துவிடும். பழுதின்போது குழாய்க்குள் புகுந்த ஈரம், அடுப்பின்றியே ஆவியாகி வெளியேறுகிறது. ஈரம் தங்கினால் குறுகிய வாயிலில் பனிக்கட்டியாகி அடைக்கும். அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பின் விசைக்குழாயை நிறுத்தி, வெற்றிட அழுத்தமானியின் முள் நகர்கிறதா என்று காத்திருந்தார். முள் அசையவில்லை. இந்தக் காத்திருப்பைத்தான் முதற்பட்டறை மூன்று முறையும் தவிர்த்திருந்தது.

இனி ஏற்றும் கட்டம். இதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் ‘மின்னேற்றம்’ என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறோம். மின்கலத்திற்குப் பொருந்துவது இங்கே நகைப்புக்கிடம். ‘அடித்தல்’ என்பது சக்கரத்திற்குக் காற்றடிக்கும் பழக்கத்திலிருந்து வந்தது. அதனோடு ஒரு தவறான எண்ணமும் வந்தது: அழுத்தம் ஏறினால் அளவு சரி என்பது. சக்கரத்தில் அது மெய். குளிர்பதனியில் மெய்யன்று. ஓடாமல் நிற்கும் வண்டியில், 30 பாகை வெப்பத்தில், ஆர்-134ஏ காட்டும் அழுத்தம் ஏறக்குறைய 6.7 பார். உள்ளே சிறிதளவு நீர்மம் எஞ்சியிருக்கும் வரை 300 கிராம் இருப்பினும் 500 கிராம் இருப்பினும் முள் அங்கேயேதான் நிற்கும். அது வெப்பநிலையைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. ‘நிரப்புதல்’ என்பதும் பொருந்தாது. குடத்தை விளிம்புவரை நிரப்புவது போன்றதன்று இது. அளவு மிகுந்தால் குளிர்ச்சி குறையும், அமுக்கிக்கும் கேடு.

எனவே எடையிட்டுத்தான் ஏற்றவேண்டும். எத்தனை கிராம் என்பதை எந்திர மூடியின் அடியில் ஒட்டிய சீட்டே சொல்லும். நம் வண்டிக்கு 480. தமிழில் ‘நிறை’ என்பது எடையையும் குறிக்கும், நிறைதலையும் குறிக்கும். ஆகவே ‘குளிர்பதனி நிறைப்பு’ என்றால் அளவும் செயலும் ஒரு சொல்லிலேயே அமைந்துவிடும் என்று நமக்குத் தோன்றியது, மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆசிரியர்கள் இதனை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

கண்ணாடியும் கையுறையும் அணிந்த இளைஞர், குளிர்பதனிக் கலத்தைத் தராசின் மேல் வைத்தார். எந்திரம் ஓடும்போது உயரழுத்தப் பக்கத்து வால்வைத் திறக்கவே கூடாது, கலம் வெடித்துவிடும் என்றார். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. 480 கிராம் போனதும் மூடினார். காற்றுவாயிலில் செருகிய வெப்பமானி 8 பாகைக்கு இறங்கியது.

அப்போது நம் புதிய சொல்லை அவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுச் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா நாங்க கேஸ் அடிக்கிறதுன்னுதான் சொல்லுவோம். தராசு வச்சு அடிப்போம், அவ்வளவுதான்.”

இனி உங்கள் வினாக்களைக் கேட்போம்.